லேடெக்கா, வேர்டா, பேஜ்மேக்கரா? புத்தகம், ஆய்வேடு, மலர், ஆண்டறிக்கை போடுறவங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தஞ்சாவூர், கும்மோணம், மாயவரம் பக்கம் டாக்குமென்ட் வேலை பாக்குற யாரைக் கேட்டாலும் ரெண்டே பதில்தான் வரும். காலேஜ்ல படிக்கிற பசங்க "லேடெக்ல பண்ணுங்க, அதான் ப்ரொஃபெஷனல்"னுவாங்க, டிடிபி கடைல கேட்டா "அதெல்லாம் எதுக்கு, டைப் பண்ணிக் கொண்டாங்க, பேஜ்மேக்கர்ல ஓட்டிக் குடுத்துடுறேன்"னுவாங்க. ரெண்டு பேரும் அவங்கவங்க வேலைக்கு சரியாத்தான் சொல்றாங்க, ஆனா உங்க வேலை என்னன்னு ரெண்டு பேருமே கேக்கல. அதனால எந்த சாஃப்ட்வேர் நல்லதுங்கிற சண்டையை ஒதுக்கி வெச்சுட்டு, உங்க ஃபைல் உங்க கையை விட்டுப் போன பிறகு யார் கைக்குப் போகும், எத்தனை தடவை மாறும்னு பாத்து முடிவெடுக்கிறதுக்கு இது.

முதல்ல யார் யாருன்னு

மவுஸ்ல இழுத்து, கண்ணால பாத்து வேலை செய்யிற பக்கம் ரெண்டு வகை இருக்கு, இதை நிறைய பேர் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறாங்க. வேர்ட், லிப்ரே ஆஃபிஸ் ரைட்டர், கூகுள் டாக்ஸ் இதெல்லாம் வேர்ட் ப்ராசசர், எழுத்து ஓடிக்கிட்டே இருக்கும், பக்கம் தானா உருவாகும். பேஜ்மேக்கர், இன்டிசைன், ஸ்கிரைபஸ் இதெல்லாம் பக்க வடிவமைப்பு, அங்க முதல்ல பக்கம், அதுல பெட்டி, பெட்டிக்குள்ள எழுத்து. கோரல்டிரா இன்னும் ஒரு படி தாண்டி வெறும் படம் வரையிற சாமான், ஆனா நம்ம ஊர்ல பத்திரிகையும் நோட்டீஸும் பாதிக்கு மேல அதுலதான் நடக்குது, யாரும் தப்பு சொல்ல முடியாது.

மார்க்அப் பக்கம் லேடெக், டைப்ஸ்ட், மார்க்டவுன். இங்க நீங்க வெறும் எழுத்து ஃபைல்ல "இது தலைப்பு, இது அடிக்குறிப்பு, இது மேற்கோள்"னு குறி போட்டு வெக்கிறீங்க, அது எப்படித் தெரியணும்ங்கிறது தனியா ஒரு இடத்துல இருக்கும், கம்பைல் பண்ணா, அதாவது அந்த ஃபைலை ப்ரோக்ராம்ல ஓட்டினா, பிடிஎஃப் வரும். டெக் 1978ல டொனால்ட் கனூத் தன் புத்தகத்தோட அச்சு ப்ரூஃப் பிடிக்காம எழுதின ப்ரோக்ராம். அதுக்கு மேல லெஸ்லி லாம்போர்ட் 80கள்ல கட்டினது லேடெக். டைப்ஸ்ட் நேத்து வந்த பிள்ளை, 2023ல ஓப்பன் சோர்ஸ் ஆச்சு. மார்க்டவுன் எல்லாத்தையும் விட லேசு, ஆனா அது மட்டும் வெச்சு அச்சுக்குப் போக முடியாது, பேண்டாக்னு ஒரு கன்வெர்ட்டர் கூட வேணும்.

படி 1: மூணு கேள்வி

ஒண்ணு, உங்களுக்குப் பிறகு இதை யார் திருத்துவா? ரெண்டு, அடுத்த வருஷமும் இதே டாக்குமென்ட் புது விவரத்தோட வருமா, மறுபதிப்பு வருமா? மூணு, இடம் முக்கியமா வரிசை முக்கியமா? அதாவது "இந்த ஃபோட்டோ இந்த மூலைலதான் இருக்கணும்"ங்கிற வேலையா, இல்ல "இது ரெண்டாம் அத்தியாயத்துல மூணாவது அட்டவணை, எங்க விழுந்தாலும் சரி"ங்கிற வேலையா.

கல்யாணப் பத்திரிகை எடுத்துக்கங்க. வரிசை கொஞ்சம், இடம்தான் எல்லாம். பிள்ளையார் சுழி எங்க, தாய்மாமன் பேர் எந்த சைஸ்ல, பெரியப்பா பேருக்கு மேல சித்தப்பா பேர் வந்துடக் கூடாது, பிரின்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி நாள் ராத்திரி "இன்னொரு பேரு விட்டுப்போச்சு"ன்னு ஃபோன் வரும். இதை லேடெக்ல பண்றேன்னு யாராவது உக்காந்தா எழுந்திரிக்கச் சொல்லுங்க. கோரல்டிரா, முடிஞ்சுது. குறுவைத் தொகுப்புக்கு ஒத்தைப் பக்க நோட்டீஸ், ஃப்ளெக்ஸ், விசிட்டிங் கார்டு எல்லாம் இதே கணக்கு.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தோட ஆண்டறிக்கை நேர் எதிர். போன வருஷம் என்ன தலைப்பு இருந்துச்சோ அதேதான் இந்த வருஷமும், உறுப்பினர் எண்ணிக்கையும் கடன் தொகையும் வரவு செலவும்தான் மாறும், விவரம் எல்லாம் ஏற்கனவே எக்செல்ல கிடக்கு. ஒவ்வொரு வருஷமும் பழைய வேர்ட் ஃபைலைத் திறந்து எண்ணை மாத்துறப்ப ஏதோ ஒரு கட்டத்துல போன வருஷ எண் அப்படியே நின்னுடும், பேரவைக் கூட்டத்துல ஒரு பெரியவர் எழுந்து அதைத்தான் கேப்பார். எக்செல்லேருந்து வெறும் எழுத்தா எடுக்கிற சிஎஸ்வி ஃபைலை டைப்ஸ்ட் நேரா படிச்சு அட்டவணையாப் போட்டுடும், கூட்டல் கூட அதுவே பண்ணும். ஒரு தடவை செட் பண்ணிட்டா அடுத்த வருஷம் சிஎஸ்வியை மாத்தினா போதும். ஆனா முதல் கேள்விக்கு வாங்க. அந்த சங்கத்துல உங்களுக்குப் பிறகு இதைப் பாக்கப் போறவருக்கு வேர்ட் மட்டும்தான் தெரியும்னா, நீங்க எவ்வளவு அழகா பண்ணி வெச்சாலும் அவர் பிடிஎஃப்பைப் பாத்து முதல்லேருந்து வேர்ட்ல டைப் அடிப்பார். அப்ப வேர்ட்லயே ஸ்டைல் போட்டு, மெயில் மெர்ஜ் கத்துக் குடுத்துட்டு வர்றதுதான் புத்திசாலித்தனம்.

ஆய்வேடு ரொம்ப குழப்பமான கேஸ். கணக்கு, இயற்பியல், கம்ப்யூட்டர் சயின்ஸ்னா யோசிக்கவே வேணாம், லேடெக்தான், சமன்பாடு போடுறதுல அதுக்குக் கிட்ட கூட வேற எதுவும் வராது. தமிழ்த்துறை, வரலாறு, பொருளாதாரம்னா உங்க நெறியாளர் எப்படித் திருத்தறாருன்னு பாருங்க. பேப்பர்ல சிவப்பு மை வெச்சுத் திருத்தறவர்னா நீங்க எதுல பண்ணாலும் அவருக்கு ஒண்ணுதான், தாராளமா மார்க்அப் போங்க. வேர்ட்ல ட்ராக் சேஞ்சஸ் (என்ன திருத்தினாங்கன்னு காட்டுற வசதி) போட்டு அனுப்புறவர்னா, ஒவ்வொரு அத்தியாயத்தையும் வேர்டுக்கு மாத்தி அனுப்பி, அவர் திருத்தினதை மறுபடி கையால உங்க ஃபைல்ல ஏத்தி, கடைசில எது புதுசு எது பழசுன்னே தெரியாமப் போயிடும். பல்கலைக்கழகம் குடுத்திருக்கிற ஃபார்மட் தாளையும் முதல்லயே வாங்கிடுங்க, பைண்டிங்குக்காக இடது ஓரம் கூடுதலா கேப்பாங்க, வரி இடைவெளி, அடிக்குறிப்பு முறை எல்லாம் அதுல இருக்கும்.

தேவாரத் தொகுப்பு, பாசுரத் தொகுப்பு மாதிரி பாட்டு எண், பண், தலம், அடிக்குறிப்பு, கடைசில பாட்டு முதற்குறிப்பு அகராதின்னு இருக்கிற புத்தகம்னா மார்க்அப்புக்குன்னே பொறந்தது. நடுவுல ஒரு பாட்டு சேர்த்தா அத்தனை எண்ணும் அகராதியும் தானா மாறும், பேஜ்மேக்கர்ல அதையே பண்ணா ஒரு ஆள் ஒரு வாரம் எண்ணிக்கிட்டு இருப்பார்.

கோயில் குடமுழுக்கு மலர்? அதுல வாழ்த்துரை, விளம்பரம், பழைய ஃபோட்டோ, பத்துப் பேர் எழுதின கட்டுரை எல்லாம் கலந்து வரும். கலப்பு வேலைக்குக் கலப்பு வழி, படி 6ல பாக்கலாம்.

படி 2: யூனிகோடா இல்லையான்னு பாருங்க

தமிழுக்கு மட்டும் இருக்கிற தலைவலி இது. சாஃப்ட்வேர் தேர்வு பாதி இங்கயே முடிஞ்சிடும், இதைப் பாக்காம தாவினவங்கதான் கடைசில அழுவாங்க.

பேஜ்மேக்கர் கடைசியா வந்தது 2001ல, 7.0. அதுக்கு யூனிகோட், அதாவது ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் குடுக்கிற பொது முறை, தெரியாது. அதனால நம்ம டிடிபி கடைகள்ல இன்னிக்கும் டாம், டாப், பாமினி, வானவில், ஸ்ரீலிபின்னு பழைய எழுத்துரு முறைல வேலை நடக்குது, அங்க 'அ'ன்னு நீங்க பாக்குறது கம்ப்யூட்டருக்கு ஏதோ ஒரு ஆங்கில எழுத்து. தமிழ்நாடு அரசு 2010லயே யூனிகோடையும் டேஸ்16ங்கிற தமிழ் எழுத்துக் குறியீட்டையும் தரமா அறிவிச்சாச்சு, ஆனாலும் பழக்கம் விடல. லேடெக், டைப்ஸ்ட், மார்க்டவுன் எதுவா இருந்தாலும் யூனிகோட் எழுத்து வேணும். இன்டிசைனும் ஸ்கிரைபஸும் யூனிகோட்ல நல்லாவே ஓடும்.

உங்க மூலப்பிரதி பழைய எழுத்துருல இருந்தா என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒண்ணுல போட்டு மாத்திக்கங்க. மாத்தினதும் மூணு இடம் கண்டிப்பா பாக்கணும். நடுவுல இருந்த ஆங்கில வார்த்தை எல்லாம் தமிழ் எழுத்துக் குப்பையா ஆகியிருக்கும். 'ஔ' இருக்க வேண்டிய இடத்துல 'ஒ' போட்டு பக்கத்துல 'ள' வந்திருக்கும், கண்ணுக்கு ஒண்ணாத் தெரியும், தேடினா கிடைக்காது. கால் குறியும் 'ர'வும் மாறி இருக்கும், இதுவும் அச்சுல பாத்தாத் தெரியாது, கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். தேடி மாத்தற வசதியில ஒவ்வொண்ணாத் தட்டித் தட்டி சரி பண்ணுங்க. இதை எழுத்து ஃபைல்லயே பண்ணிடணும், பக்கம் கட்டின பிறகு பண்ணா வரி எல்லாம் நகரும்.

படி 3: எழுத்துரு, சைஸ், வரி இடைவெளி

நோட்டோ செரிஃப் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, முக்த மலர், ஹிந்த் மதுரை இதெல்லாம் இலவசம், உரிமம் பிரச்சனை இல்ல, புத்தகத்துக்கு தாராளமா போடலாம். விண்டோஸ்ல நிர்மலா கூடவே வரும், லதா புது விண்டோஸ்ல தமிழ் மொழியைச் சேர்த்தா வரும், திரைக்கு ஓகே, ஒரு முழு புத்தகம் லதால போட்டா கண்ணு வலிக்கும்ங்கிறது என் கருத்து.

ஒரே பாயின்ட் சைஸ்ல தமிழ் பெருசா, ஆங்கிலம் சின்னதாத் தெரியும். ஆங்கிலம் 12னா தமிழ் 10.5 இல்ல 11 வெச்சுப் பாருங்க. மேல கொக்கி, கீழ சுழி எல்லாம் இருக்கிறதால வரி இடைவெளி ஆங்கிலத்தை விடக் கொஞ்சம் கூட வேணும், எழுத்து 11னா வரி 15, 16 பாயின்ட் வரைக்கும் போகலாம். நம்ம தரங்கம்பாடில ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1715ல புதிய ஏற்பாடு அச்சடிச்சப்பவே இதே சிக்கல்தான், ஜெர்மனில ஹாலேலேருந்து வந்த தமிழ் அச்செழுத்து பெருசா இருந்து காகிதத்தைத் தின்னுச்சு, அதனால இங்கயே சின்ன எழுத்து வார்த்துக்கிட்டாங்க. முந்நூறு வருஷமா பக்க எண்ணிக்கைக்கும் படிக்கிற வசதிக்கும் நடுவுல இதே இழுபறிதான்.

இன்னொண்ணு, பெரும்பாலான தமிழ் எழுத்துருவுக்கு சாய்வெழுத்து கிடையாது. வேர்ட் பேசாம எழுத்தைச் சாய்ச்சுக் காட்டிடும், அசிங்கமா இருக்கும். லேடெக் "அப்படி ஒண்ணு இல்லையே"ன்னு ஒரு எச்சரிக்கை போட்டுட்டு நேர் எழுத்தையே வெக்கும். தமிழ்ல அழுத்தம் குடுக்க தடித்த எழுத்தோ வேற எழுத்துருவோ போடுறதுதான் நல்லது.

படி 4: ஒரு சின்னப் பரீட்சை

ரெண்டுல எதுன்னு இன்னும் முடிவாகலன்னா படிச்சுக்கிட்டே இருக்காதீங்க, ஒரு சாயங்காலம் ஒதுக்குங்க. உங்க உண்மையான எழுத்துலேருந்து நாலு பக்கம் எடுங்க, அதுல ஒரு நீளமான பத்தி, ஒரு அட்டவணை, ஒரு அடிக்குறிப்பு, ஒரு படம், நடுவுல ரெண்டு ஆங்கில வார்த்தை இருக்கணும். லிப்ரே ஆஃபிஸ்லயும் டைப்ஸ்ட்லயும் அதைப் பண்ணுங்க. இது வரைக்கும் லிப்ரே ஆஃபிஸ்தான் ஜெயிக்கும், ஏன்னா பழகினது.

இப்ப மாத்துங்க. நடுவுல ஒரு அத்தியாயம் சேருங்க. ஏ4ல இருந்ததை டெம்மி 1/8ங்கிற புத்தக சைஸுக்கு மாத்துங்க. எல்லா உட்தலைப்பையும் ஒரு சைஸ் குறைங்க. அட்டவணையை ரெண்டு பக்கம் முன்னாடி நகர்த்துங்க, "மேலே அட்டவணை 3ல பார்த்தபடி"ன்னு எழுதினது சரியா மாறுதான்னு பாருங்க. எதுல மூச்சு வாங்குச்சோ அது உங்களுக்கு வேணாம். நிறைய பேர் முதல் தடவை போடுற சுலபத்தை மட்டும் பாத்து முடிவெடுக்கிறாங்க, ஆனா மூணாவது ப்ரூஃப்ல என்ன ஆகுதுங்கிறதுதான் உண்மையான செலவு.

பத்தியை ரெண்டு ஓரமும் சமமா ஆக்கி அதையும் பாருங்க. தமிழ்ல வார்த்தை நீளம், "எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்"னு ஒண்ணு வந்தா வரி உடையாது, வேர்ட் அந்த வரில இருக்கிற மத்த வார்த்தைகளுக்கு நடுவுல பெரிய ஓட்டையா விட்டுடும், ஏன்னா அது ஒவ்வொரு வரியாத்தான் யோசிக்கும். டெக் பத்தி முழுசையும் ஒண்ணாப் பாத்து எங்க உடைச்சா மொத்தமா நல்லா இருக்கும்னு கணக்குப் போடும், தமிழுக்கு வார்த்தை உடைக்கிற விதியும் அதுல இருக்கு. உடைச்ச இடத்துல வர்ற சின்னக் கோடு வேணாம்னா மறைச்சிடலாம், பழைய தமிழ்ப் புத்தகங்கள்ல கோடு இல்லாமத்தானே உடைச்சிருக்காங்க. இன்டிசைன்லயும் பத்தி முழுசாப் பாக்குற கம்போசர் இருக்கு. வேர்டுலதான் பண்ணியாகணும்னா இடது ஓரம் மட்டும் சமமா விட்டுடுங்க, ஓட்டை விழுந்த பத்தியை விட அது எவ்வளவோ மேல்.

படி 5: வேர்ட், லிப்ரே ஆஃபிஸ் பக்கம் போறவங்களுக்கு

ஒரே விதி. தலைப்பை செலக்ட் பண்ணி தடிப்பாக்கி சைஸ் ஏத்துற பழக்கத்தை இன்னியோட விடுங்க. தலைப்புன்னா தலைப்பு ஸ்டைல், பத்தின்னா பத்தி ஸ்டைல். லிப்ரே ஆஃபிஸ்ல எஃப்11 தட்டினா ஸ்டைல் பட்டியல் வரும், கன்ட்ரோலோட 1 தட்டினா முதல் நிலைத் தலைப்பு, 2 தட்டினா அடுத்தது. இப்படிப் பண்ணா நீங்க மவுஸ் பிடிச்சுக்கிட்டே மார்க்அப் எழுதுறீங்கன்னு அர்த்தம், பொருளடக்கம் தானா வரும், பின்னாடி லேடெக்குக்கோ இன்டிசைனுக்கோ மாத்தணும்னாலும் சுலபமா மாறும். என்னைக் கேட்டா நம்ம பக்கம் பத்துல ஏழு பேருக்கு இது மட்டும் போதும், லேடெக்கே வேணாம்.

எழுத்துரு மாத்தியும் தமிழ் மாறலன்னா பயப்படாதீங்க. இந்த சாஃப்ட்வேர்கள் தமிழை 'காம்ப்ளெக்ஸ்' எழுத்துன்னு தனியா வெச்சிருக்கும், ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழுக்கு ஒண்ணு, சைஸும் தனித்தனி. லிப்ரே ஆஃபிஸ்ல டூல்ஸ், ஆப்ஷன்ஸ், மொழிப் பகுதிக்குப் போய் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை டிக் பண்ணா, ஸ்டைல் திருத்தற இடத்துல ஆங்கிலத்துக்கும் காம்ப்ளெக்ஸ் எழுத்துக்கும் தனித்தனி இடம் தெரியும், காம்ப்ளெக்ஸ்ல தமிழ் எழுத்துரு வைங்க.

இன்டிசைன்னா பத்தி பேனல் மெனுல வேர்ல்ட் ரெடி கம்போசர் தேர்ந்தெடுத்திருக்கான்னு பாத்துக்கங்க, பழைய பதிப்புல அது இல்லன்னா 'கொ'வுல கொம்பு எங்கயோ போய் நிக்கும். ஸ்கிரைபஸ் இலவசம், 2024 ஜனவரில வந்த 1.6 பதிப்புலேருந்து தமிழ் ஒழுங்கா வருது, அதுக்கு முந்தின 1.4 யாராவது குடுத்தா வாங்காதீங்க.

மார்க்அப் பக்கம் போறவங்களுக்கு

புதுசா ஆரம்பிக்கிறவங்க டைப்ஸ்ட்லேருந்து ஆரம்பிங்க, ப்ரௌசர்லயே எழுதிப் பாக்கலாம், இறக்கி வெச்சுக்கிட்டாலும் சின்ன ஃபைல்தான். லேடெக்னா அதுக்கான டெக் லைவ் தொகுப்பை முழுசா இறக்கினா பல ஜிபி போகும், நம்ம ஊர் நெட்டுல ராத்திரி போட்டுட்டுத் தூங்கிடுங்க. இல்லன்னா ஓவர்லீஃப்ங்கிற வெப்சைட்ல ஆன்லைன்லயே பண்ணலாம், இலவசக் கணக்குல கம்பைல் நேரத்துக்கு வரம்பு இருக்கு, பெரிய ஆய்வேடுன்னா கடைசில முட்டும்.

டைப்ஸ்ட்ல எழுதுறது இப்படித்தான் இருக்கும்:

= காவிரிப் பாசனம்
== குறுவை
மேட்டூர் அணை *ஜூன் 12* அன்று திறக்கப்படுவது வழக்கம்.
- நாற்றங்கால்
- நடவு

ஒரு சமக்குறி போட்டா பெரிய தலைப்பு, ரெண்டு போட்டா உட்தலைப்பு, நட்சத்திரத்துக்கு நடுவுல போட்டா தடிப்பு. மார்க்டவுன்ல சமக்குறிக்குப் பதிலா # போடணும், தடிப்புக்கு ரெண்டு நட்சத்திரம். ஆரம்பத்துல மொழி தமிழ்னும் எழுத்துரு பேரும் ஒரு வரி குடுத்துட்டா வேலை முடிஞ்சுது.

லேடெக்னா ஒண்ணு மறக்காதீங்க, வழக்கமா எல்லாரும் ஓட்டுற பிடிஎஃப் லேடெக்ல யூனிகோட் தமிழ் வராது. ஸீலேடெக் இல்ல லுவாலேடெக் போடணும், ஓவர்லீஃப்ல மெனுலயே கம்பைலரை மாத்திக்கலாம். ஃபான்ட்ஸ்பெக், பாலிகிளாசியான்னு ரெண்டு பேக்கேஜ், எழுத்துரு குடுக்கிற இடத்துல ஸ்கிரிப்ட் தமிழ்னு கண்டிப்பா குறிப்பிடணும். அதை விட்டா பிழைச்செய்தி எதுவும் வராது, ஆனா கொம்பும் காலும் இடம் மாறி நிக்கும், ஆள் தெரியாம மூணு மணி நேரம் எழுத்துருவைத் திட்டிக்கிட்டு இருப்பீங்க.

லேடெக்ல இன்னொரு கண்ணி சதவீதக் குறி. "விதைக்கு 50% மானியம் வழங்கப்படும்"னு எழுதினா, % குறிக்குப் பின்னாடி அந்த வரில இருக்கிறது மொத்தமும் குறிப்புன்னு நினைச்சு விட்டுடும், பிடிஎஃப்ல "விதைக்கு 50"ன்னு வந்து அடுத்த வரி ஒட்டிக்கும், எச்சரிக்கை கூட வராது. விவசாய அறிக்கை முழுக்க சதவீதம்தானே, ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி பேக்ஸ்லாஷ் போடுங்க. டைப்ஸ்ட்ல % பிரச்சனை இல்ல, அங்க #, @, $ மூணும் ஜாக்கிரதை, மின்னஞ்சல் முகவரி எழுதினாலே @ பாத்து "அப்படி ஒரு குறிப்பு இல்லையே"ன்னு நிக்கும், ஆனா எந்த வரின்னு தெளிவாச் சொல்லும். அந்த ஒரு காரணத்துக்கே புதுசா வர்றவங்களுக்கு டைப்ஸ்ட்டைச் சொல்றேன்.

லேடெக்ல படம் தானா அடுத்த பக்கத்துக்கு ஓடிடும். ஓடட்டும் விடுங்க. இழுத்துப் பிடிக்கணும்னு தோணுச்சுன்னா உங்க வேலை இடம் முக்கியமான வேலை, மறுபடி படி 1க்குப் போங்க.

பேர் அகராதி, சொல்லடைவு போடுறவங்களுக்குத் தனியா ஒண்ணு. யூனிகோட் எண் வரிசைல அடுக்கினா தமிழ் அகர வரிசை வராது. அதுல 'ந'வுக்கு அடுத்து 'ன', 'ர'வுக்கு அடுத்து 'ற', 'வ'வுக்கு முன்னாடியே 'ள', 'ழ' ரெண்டும் வந்துடும், புள்ளி வெச்ச எழுத்து எல்லாம் வரிசைக்குக் கடைசில போய் நிக்கும். லிப்ரே ஆஃபிஸ் கால்க்ல பட்டியலைப் போட்டு, அடுக்குற ஆப்ஷன்ல மொழி தமிழ்னு தேர்ந்தெடுத்து அடுக்கிப் பாருங்க, அப்புறம் கையாலயும் ஒரு தடவை பாத்துடுங்க.

படி 6: ரெண்டையும் சேர்த்துக்கிறது

குடமுழுக்கு மலர், ஊர் வரலாறு, பள்ளி நூற்றாண்டு மலர் எல்லாத்துக்கும் இதான் வழி. நேரடி விதைப்பு பண்ணாம நாற்றங்கால்ல விட்டுப் பறிச்சு நடுற மாதிரி, எழுத்தை முதல்ல வெறும் மார்க்டவுன்லயோ ஸ்டைல் போட்ட வேர்ட்லயோ வளர்த்துடுங்க, திருத்தம் எல்லாம் அங்கயே முடியட்டும், நல்லாத் தேறின பிறகு பக்கத்துக்குக் கொண்டு போங்க. பேண்டாக் மார்க்டவுனை வேர்ட், லேடெக், டைப்ஸ்ட் எதுக்கு வேணும்னாலும் மாத்தும், இன்டிசைன் படிக்கிற ஐசிஎம்எல் ஃபைலாவும் குடுக்கும், ஸ்டைல் பேரெல்லாம் கூடவே போகும். அங்க வடிவமைக்கிறவர் 'தலைப்பு'ங்கிற ஸ்டைலுக்கு ஒரு தடவை அழகு பண்ணா மலர் முழுக்க மாறிடும்.

இதுல கண்டிப்பா இருக்க வேண்டியது ஒரே கட்டுப்பாடு. பக்கம் கட்டின பிறகு எழுத்து ஃபைல்ல மட்டும் தனியா கை வைக்கக் கூடாது, பக்கத்துல திருத்தினதை எழுத்து ஃபைல்லயும் திருத்தாம விடக் கூடாது. விழாக் கமிட்டில யாராவது ஒருத்தர்கிட்ட "அண்ணே, இனிமே திருத்தம்னா உங்ககிட்ட மட்டும்தான், நீங்க எழுதி வெச்சு எனக்குக் குடுங்க"ன்னு பொறுப்பை ஒப்படைச்சுடுங்க, இல்லன்னா தலைவர் வாட்ஸாப்ல ஒண்ணு, பொருளாளர் ஃபோன்ல ஒண்ணு, குருக்கள் நேர்ல ஒண்ணுன்னு வரும்.

படி 7: அச்சகத்துக்குக் குடுக்கிறது

அச்சகத்துல போனதும் "தம்பி, ஓப்பன் ஃபைல் இருக்கா?"ன்னு கேப்பாங்க. லேடெக் ஃபைலைக் குடுத்தா ஒண்ணும் பண்ண முடியாது, வேர்ட் ஃபைலைக் குடுத்தா அவங்க சிஸ்டத்துல உங்க எழுத்துரு இல்லாம பக்கம் எல்லாம் ஓடும். "பிடிஎஃப்தாண்ணே, ஃபான்ட் உள்ளயே இருக்கு, ப்ரூஃப் பாத்தாச்சு"ன்னு குடுங்க. குடுக்கிறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட கேக்க வேண்டியது இருக்கு. பேப்பர் சைஸ் என்ன, ஃபாரம் (ஒரே பெரிய தாள்ல சேர்த்து அச்சாகிற பக்கக் கட்டு) எத்தனை பக்கம்னு கேளுங்க. 16 பக்க ஃபாரம்னா 98 பக்கத்துல நிக்காம 96க்கு அடக்கிடுங்க, ரெண்டு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் ஓட்டுற செலவு மிச்சம். மார்க்அப்ல வரி இடைவெளியைக் கடுகளவு குறைச்சு கம்பைல் பண்ணா இது நிமிஷ வேலை. ஓரம் வரைக்கும் கலர் போற அட்டைன்னா சுத்தி 3 மிமீ கூடுதலா விடணும், படம் 300 டிபிஐ இருக்கணும், வாட்ஸாப்ல வந்த ஃபோட்டோ அதுக்கு ஆகாது.

வேர்டுலேருந்து பிடிஎஃப் எடுத்தவங்க கருப்பைப் பாக்கணும். வேர்டோட கருப்பு திரைக்கான ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) கருப்பு, கலர் ஆஃப்செட்டுக்கு மாத்துறப்ப அது நாலு மையும் கலந்த கருப்பா ஆகிடும், தாள் ஒரு இம்மி நகர்ந்தாலும் சின்ன எழுத்தைச் சுத்தி நிழல் அடிக்கும். உள்பக்கம் ஒரே கலர்னா "கருப்பு மட்டும்"னு தெளிவாச் சொல்லிடுங்க, கலர் பக்கம்னா எழுத்தை வெறும் கருப்பு மைக்கு மாத்தித் தரச் சொல்லுங்க. இன்டிசைன்லயும் ஸ்கிரைபஸ்லயும் இது உங்க கையிலயே இருக்கு, டைப்ஸ்ட்ல நிறத்தை சிஎம்ஒய்கேல, அதாவது நாலு அச்சு மைக் கணக்குல, குடுக்கலாம்.

பிடிஎஃப்பை நெட்டுலயும் போடுறதா இருந்தா திறந்து உங்க ஊர்ப் பேரைத் தேடிப் பாருங்க, 'கொ' 'கோ' வர்ற ஊரா இருந்தா இன்னும் நல்லது, கொரடாச்சேரி, கோவிலடி மாதிரி. கிடைக்கலன்னா உள்ள எழுத்து வரிசை கலைஞ்சு கிடக்குன்னு அர்த்தம், படிக்க வரும், தேட வராது, பார்வை இல்லாதவங்களுக்குத் திரை வாசிப்பான்லயும் உளறும். ஸீலேடெக்ல ஆக்சுவல் டெக்ஸ்ட் (உண்மையான எழுத்து வரிசையையும் பிடிஎஃப்ல வெக்கிற) வசதியை ஆன் பண்ணிட்டு மறுபடி கம்பைல் பண்ணுங்க. பழைய எழுத்துருல பேஜ்மேக்கர்லேருந்து வந்த பிடிஎஃப்னா இதுக்கு வழியே இல்ல, யூனிகோட் எழுத்து ஃபைலையும் கூடவே போட்டு வைங்க.

வேலை முடிஞ்சதும் எழுத்து ஃபைல், படங்கள், எழுத்துரு ஃபைல், அச்சுக்குப் போன பிடிஎஃப் நாலையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு, வருஷத்தைப் பேர்ல வெச்சு, கமிட்டிகிட்டயோ சங்கத்துகிட்டயோ ஒரு பிரதி குடுத்துடுங்க. எந்த சாஃப்ட்வேர், எந்தப் பதிப்புன்னு ஒரு வரி எழுதி அதே ஃபோல்டர்ல வைங்க, மறுபதிப்புக்கு வர்ற ஆளுக்கு முதல்ல தேவைப்படுறது அதுதான்.